திசு அரிக்கும் நொதிகள்: தமனி, இதய நோய்களில் ஒரு வரலாறு

உடலில் செல்களுக்கு வெளியே நின்று உறுப்புகளைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன், எலாஸ்டின் முதலிய நார்ப்புரதங்களை வெட்டித் துண்டாக்கும் நொதிகள் திசு அரிக்கும் நொதிகள் எனப்படுகின்றன. இவற்றில் முதன்மையான குடும்பம் மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ். மருத்துவர்கள் வழக்கில் இது எம்.எம்.பி. எனப்படும். கத்தெப்சின் போன்ற வேறு சில நொதிகளும் இதே வேலையைச் செய்கின்றன. காயம் ஆறுவதும், எலும்பு வளர்வதும், பிள்ளைப்பேறுக்குப் பின் கருப்பை பழைய அளவுக்குச் சுருங்குவதும் இவற்றால்தான். தமனிச் சுவரிலோ இதயத் தசையிலோ இதே நொதிகள் அளவு மீறினால் மாரடைப்பு, பெருந்தமனிப் புடைப்பு, இதயம் விரிந்து தளர்தல் ஆகியவை நேர்கின்றன.

இந்த வரலாற்றைப் பெரும்பாலும் பாஸ்டனிலிருந்து தொடங்குவார்கள். நொதி வெட்டுகிற நார் எப்படிப்பட்டது என்பது சென்னையில் கண்டறியப்பட்டது. அந்த நாரை நொதியிடமிருந்து காக்கும் கைவேலை அதற்கும் பல தலைமுறை முன்பே வட தமிழகத்தின் தோல் பதனிடும் ஷாப்புகளில் நடந்துகொண்டிருந்தது. ஆகவே இங்கிருந்தே தொடங்குவதில் தவறில்லை.

நாரின் வடிவம்

1948இல் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது. தோல் என்பது பெரும்பகுதி கொலாஜன்தான். 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு ஜி. என். ராமச்சந்திரன் தலைவராக வந்தார், துணைவேந்தர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார் அழைத்து வந்த இளைஞர், வயது முப்பதுதான். அந்நாளில் சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே. டி. பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். ராமச்சந்திரன் அதைப் பற்றிக்கொண்டார். பக்கத்திலிருந்த தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கங்காரு வாலின் தசைநார் கிடைத்தது. எக்ஸ்-கதிர்ப் படங்களை எடுத்து, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954இல் 'நேச்சர்' இதழில் தம் மாதிரியை வெளியிட்டார்.

மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே நாராக நிற்பதுதான் கொலாஜன். சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம் இருந்தே தீரவேண்டும். மூன்று சங்கிலிகளும் கூடும் நடுப்பகுதியில் அதைவிடப் பெரிய எதற்கும் இடமில்லை. மூன்றும் சேர்ந்து கயிறாக மேலும் ஒரு முறுக்கு முறுக்கிக்கொள்கின்றன என்ற திருத்தத்தை 1955இல் அவர்களே சேர்த்தார்கள். அணுக்கள் ஒன்றையொன்று மிகவும் நெருங்கி நிற்கின்றன என்று, இதே அமைப்பை ஆராய்ந்துகொண்டிருந்த விஞ்ஞானிகள் கிரிக்கும் ரிச்சும் குறை சொன்னார்கள். அந்தக் குறைக்குப் பதில் தேடிப் போனதில்தான் புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்று காட்டும், 1963இன் புகழ்பெற்ற 'ராமச்சந்திரன் வரைபடம்' பிறந்தது. தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்குக்கு இன்றும் 'டிரிபிள் ஹீலிக்ஸ்' (முச்சுருள்) என்றுதான் பெயர்.

இதய நோய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு? இவ்வளவு இறுக்கமாக முறுக்கிய நாரை உடலின் சாதாரணச் செரிமான நொதிகளால் கடிக்க முடியாது. டிரிப்சின் அதன்மேல் பட்டும் படாமலும் வழுக்கிவிடும். ஆனால் உடல் தன் கொலாஜனைத் தானே கரைக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்த உண்மை. அப்படியானால் அதற்கென்று ஒரு தனி நொதி இருக்கவேண்டும். 1950களின் இறுதியில் அந்த நொதியைக் கண்டவர் யாருமில்லை.

தலைப்பிரட்டையின் வால்

கண்டவர்கள் பாஸ்டனில் வேலை செய்த ஜெரோம் கிராஸும் சார்லஸ் லாப்பியரும். தவளையாக மாறும்போது தலைப்பிரட்டையின் வால் சில நாட்களில் காணாமல் போகிறது. அங்கிருந்த கொலாஜன் எங்கே போயிற்று என்பதுதான் அவர்களுடைய கேள்வி. கண்ணாடித் தட்டில் கொலாஜனைக் கூழாக உறையவைத்தார்கள். உறைந்த கூழ் பால் நிறத்தில் மங்கலாக இருக்கும். அதன்மேல் உயிருள்ள வால் துணுக்குகளை வைத்து அடைகாத்தார்கள். துணுக்கைச் சுற்றிக் கூழ் தெளிந்து ஒரு வட்டம் விழுந்தது. உயிர்போன திசு வைத்தால் வட்டம் விழவில்லை. 1962இல் வெளியான இந்தச் சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. பிற்காலத்தில் கோடிக்கணக்கான டாலர் கொட்டிய மருந்து ஆராய்ச்சிகள் பலவற்றைவிட அந்தத் தட்டு அதிகம் சொல்லிக்கொடுத்தது என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

1968இல் மனிதத் தோலிலிருந்தும் கொலாஜனேஸ் பிரிக்கப்பட்டது. அது வெட்டும் முறை விசித்திரமானது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணிகள் கொண்ட சங்கிலியில் ஒரே ஓர் இடத்தில்தான், ஒரு முனையிலிருந்து முக்கால் பங்கு தூரத்தில், மூன்று இழைகளையும் வெட்டுகிறது. அந்த ஒரு வெட்டே போதும். முக்காலும் காலுமாகப் பிரிந்த துண்டுகளால் உடல் வெப்பத்தில் முறுக்கைக் காத்துக்கொள்ள முடியாது; தானே பிரிந்து ஜெலட்டின் ஆகிவிடும். ஜெலட்டினைத் தின்ன வேறு நொதிகள் காத்திருக்கின்றன. முறுக்கிய கயிற்றுக்குள் கத்தியை நுழைக்க நொதி முதலில் அந்த இடத்தில் இழைகளைப் பிரித்துவிடுகிறது என்பது 2004இல்தான் உறுதியானது.

அடுத்தடுத்து இந்தக் குடும்பத்தார் பலர் வெளிப்பட்டு எண்ணிட்டுப் பெயர் பெற்றார்கள். எம்.எம்.பி.-1, 8, 13 ஆகியவை கொலாஜனை வெட்டுபவை. 2, 9 ஆகியவை ஜெலட்டினைத் தின்பவை. 12 எலாஸ்டினைக் கரைப்பது. வெள்ளணுக்களில் ஒரு வகையான மேக்ரோஃபேஜ்களிடம் இருப்பது. வரிசையில் 4, 5, 6 இல்லை: புதியவை என்று நினைத்து எண் கொடுத்தவை பழையவையே என்று பிறகு தெரிந்தது. எல்லாவற்றின் மையத்திலும் ஒரு துத்தநாக அணு உண்டு, அதுதான் வெட்டும் விளிம்பு. நொதி செல்லிலிருந்து வெளியேறும்போது அந்தத் துத்தநாகத்தை ஒரு சிஸ்டீன் மூடியிருக்கும். மூடி விலகினால்தான் வேலை தொடங்கும். இந்தப் பூட்டை 1990இல் வான் வார்ட்டும் பிர்கெடால்-ஹான்சனும் விளக்கினார்கள். மூடி விலகிய பின்னும் அடக்கிவைக்க டிம்ப் எனப்படும் இயற்கைத் தடுப்பான்கள் நான்கு உடலிலேயே இருக்கின்றன. ஆகவே திசு அரிக்கப்படுகிறதா இல்லையா என்பது நொதி எவ்வளவு என்பதை மட்டும் பொறுத்ததில்லை. பூட்டு, திறவுகோல், காவல் மூன்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

தமனியில் விழும் வெடிப்பு

கொழுப்பு அடைத்து அடைத்து ஒருநாள் குழாய் மூடிவிடுகிறது, மாரடைப்பு வருகிறது. இப்படித்தான் இன்னும் பலரும் நினைக்கிறார்கள். 1966இல் பாரிஸ் கான்ஸ்டான்டினிடெஸ் (இது ஆள் பெயர், அவர் வேலை செய்தது கனடாவில்) இறந்தவர்களின் இதயத் தமனிகளைத் தொடர் சீவல்களாக வெட்டிப் பார்த்தார். இரத்தக்கட்டி உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கீழே கொழுப்புப் படிவின் மேல்மூடி வெடித்திருந்தது. 1980களில் லண்டனில் மைக்கேல் டேவிஸ், திடீர் மரணம் அடைந்தவர்களிடம் இதையே விரிவாக நிறுவினார். பாதி அடைப்புகூட இல்லாத படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் குழாய் அடைபடலாம். டிரெட்மில் சோதனையில் நேற்றுத் தேறியவர் இன்று சாய்வதற்கு இது ஒரு காரணம்.

மேல்மூடி என்பது கொலாஜன் படலம். அதை நெய்பவை மென்தசைச் செல்கள். கீழே கொழுப்பை விழுங்கி வீங்கிக் கிடக்கும் மேக்ரோஃபேஜ்கள். 1997இல் வெளியான ஓர் ஆய்வில் வெடித்த மூடிகளை அளந்தபோது அவற்றில் பெரும்பாலானவை 65 மைக்ரோமீட்டருக்கும் மெல்லியவையாக இருந்தன. அவ்வளவு மெலிய வைத்தது எது?

1991இல் பிரிட்டனில் ஹென்னி குழுவினர் மனிதப் படிவுகளில் ஸ்ட்ரோமலைசின், அதாவது எம்.எம்.பி.-3 உருவாவதைக் காட்டினார்கள். 1994இல் பாஸ்டனில் ஜோரினா காலிஸ், பீட்டர் லிபி குழு இன்னும் ஒரு படி மேலே போனது. நொதி அங்கே இருக்கிறது என்பது போதாது. வேலை செய்கிறதா என்று பார்க்கவேண்டும். உறையவைத்து வெட்டிய படிவுச் சீவல்மேல் ஒளிரும் சாயமிட்ட புரதத்தைப் பூசினார்கள். நொதி அரித்த இடமெல்லாம் கறுத்துப்போகும். கறுத்த இடங்கள் படிவின் 'தோள்' பகுதியில், மூடி வழக்கமாகக் கிழியும் அதே ஓரத்தில், மேக்ரோஃபேஜ் குவிந்த இடத்தில் இருந்தன. தலைப்பிரட்டை வாலைச் சுற்றி விழுந்த வட்டமும் இதுவும் ஒரே உத்திதான். அடுத்த ஆண்டே, நிலையற்ற நெஞ்சுவலி வந்தவர்களின் தமனியிலிருந்து சுரண்டி எடுத்த திசுவில் எம்.எம்.பி.-9 தென்படுவது பதிவானது.

இவ்வளவும் கைக்கு வந்தபின் நொதியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சுலபம். மரபணு நீக்கிய சுண்டெலிகள்தான் குறுக்கே வந்தன. பிரிஸ்டலில் ஜேசன் ஜான்சன் குழுவினர் 2005இல் வெளியிட்ட முடிவுகளின்படி, எம்.எம்.பி.-12 இல்லாத எலிகளின் படிவுகள் சிறுத்தன, உறுதியாயின. ஆனால் 3 அல்லது 9 இல்லாத எலிகளில் படிவுகள் பெருத்தன, வெடிப்பின் தடயங்களும் கூடின. மூடியை நெய்யப் போகும் மென்தசைச் செல்களுக்கு வழி வெட்டிக்கொடுப்பதும் அந்த நொதிகளில் சிலவே. வழியை மூடினால் நெசவும் நின்றுபோகிறது.

பைபாஸ் அறுவைக்கும் இதில் பங்கு உண்டு. இந்தியாவின் முதல் இதயத் தமனி பைபாஸ் 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் செய்தது. காலிலிருந்து எடுத்துத் தைக்கும் சிரை ஆண்டுகள் போகப் போக உட்புறம் தடித்து அடைபடுவது பைபாஸின் பழைய தலைவலி. தமனியின் அழுத்தத்துக்கு மாறிய சிரையில் எம்.எம்.பி.-2, 9 கூடுவதும், அந்த வழியில் மென்தசைச் செல்கள் உள்ளே இடம்பெயர்வதும் பிற்பாடு பிரிஸ்டல் ஆய்வகத்திலேயே காட்டப்பட்டன.

புடைப்பும் தழும்பும்

வயிற்றுப் பெருந்தமனி புடைத்து வெடிப்பது பெரும்பாலும் புகைபிடிக்கும் முதிய ஆண்களின் நோய். சுவரின் எலாஸ்டின் முதலில் கரைகிறது, சுவர் தளர்ந்து விரிகிறது. கொலாஜனும் போனபின் வெடிக்கிறது. 1995இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ராபர்ட் தாம்ப்ஸன் புடைத்த சுவரின் மேக்ரோஃபேஜ்களில் எம்.எம்.பி.-9 இருப்பதைக் கண்டார். 2000இல் அந்த மரபணு இல்லாத எலிகளுக்குப் புடைப்பு வரவில்லை என்று அதே குழு காட்டியது. இளம் பெண்களைத் தாக்கும், இந்தியாவில் அதிகம் காணப்படும் தகாயாசு தமனி அழற்சியிலும் எம்.எம்.பி. அளவுகள் மாறுகின்றன, 2003இல் ஜப்பானிய ஆய்வு அதை நோயின் தீவிரத்தை அளக்கப் பயன்படும் குறியாக முன்வைத்தது.

இதயத் தசையில் கணக்கு வேறு. மாரடைப்பில் இறந்த தசையை அகற்றவும் நொதி வேண்டும், அந்த இடத்தில் கொலாஜன் தழும்பு கட்டவும் நேரம் வேண்டும். முந்தையது விரைந்து பிந்தையது தாமதித்தால் முதல் ஓரிரு வாரத்தில் இதயச் சுவர் கிழியும். கிழியாவிட்டாலும் மெலிந்து விரிந்து பலூனாகி, மாதங்கள் கழித்து மூச்சுத்திணறலோடு நோயாளி திரும்பி வருவார். 1999இல் பெல்ஜியத்தின் ஹேமன்ஸ் குழு எலிகளில் எம்.எம்.பி.யைத் தடுத்தபோது சுவர் கிழிவது நின்றது. ஆனால் எம்.எம்.பி.யைத் தூண்டிவிடும் யூரோகினேஸ் நொதியே இல்லாத எலிகளில், கிழிவது நின்றதோடு புது இரத்தக்குழாய்கள் வளர்வதும் கெட்டு, இதயம் செயலிழந்தது. மருந்து உலகத்துக்கு இது ஒரு முன்னெச்சரிக்கை. யாரும் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. நொதி செல்லுக்கு வெளியே மட்டும் வேலை செய்வதில்லை என்பதும் 2002இல் தெரிந்தது: கனடாவில் ரிச்சர்ட் ஷூல்ஸ் குழு, இதயச் செல்லுக்குள்ளேயே எம்.எம்.பி.-2 சுருங்குபுரதமான ட்ரோபோனின்-ஐயை வெட்டுவதைக் காட்டியது.

தடுப்பான்களின் தோல்வி

துத்தநாகத்தைக் கவ்விப் பிடிக்கும் வேதிப்பொருள்களை 1990களில் பல நிறுவனங்கள் உருவாக்கின. ஆக்ஸ்ஃபர்டின் பிரிட்டிஷ் பயோடெக் தயாரித்த மாரிமஸ்டாட் புற்றுநோய்க்காக வந்தது. புற்றுநோய் அடங்கவில்லை, நோயாளிகளுக்குத் தோளும் கைமூட்டுகளும் வலித்து விறைத்தன. எல்லா எம்.எம்.பி.க்களையும் ஒருசேர முடக்கினால் அன்றாடம் நடக்கும் திசுப் பராமரிப்பும் நின்றுவிடும் என்பதற்கு அந்த வலியே அத்தாட்சி.

இதயத்துக்குப் பாடம் கற்றுத்தான் வந்தார்கள். மூட்டு வலி தராதபடி எம்.எம்.பி.-1ஐ விட்டுவைத்த பி.ஜி.-116800 என்ற மருந்து, மாரடைப்பு வந்த 253 பேரிடம் சோதிக்கப்பட்டு 2006இல் முடிவு வெளியானது. இதயம் விரிவதில் வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வேறுபாடில்லை.

டாக்ஸிசைக்ளினின் கதை இதைவிடச் சுவையானது. எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும் மலிவான ஆன்டிபயாட்டிக். டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் கிருமியைக் கொல்வதோடு தொடர்பில்லாமலே கொலாஜனேஸைத் தடுக்கின்றன என்று 1983இல் நியூயார்க் பல் மருத்துவர் லோர்ன் கோலப் கண்டுபிடித்தார். ஈறு நோய்க்கு 20 மில்லிகிராம் அளவில் 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. எம்.எம்.பி. தடுப்பான் என்ற பெயரில் ஒப்புதல் பெற்று நிலைத்தது அது ஒன்றுதான். மருத்துவர்கள் அதை எடுத்துப் பெருந்தமனிப் புடைப்புக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளில் அருமையாக வேலை செய்தது. நெதர்லாந்தில் 286 நோயாளிகளிடம் சோதித்து 2013இல் கணக்குப் பார்த்தால், மருந்து சாப்பிட்டவர்களின் புடைப்பு வெற்று மாத்திரைக்காரர்களைவிடக் கொஞ்சம் வேகமாகவே வளர்ந்திருந்தது. 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு, இரண்டு ஆண்டு கொடுத்தும் பயனில்லை என்று முடித்தது. மாரடைப்புக்குப் பின் உடனே கொடுத்துப் பார்த்த, 110 பேர் கொண்ட இத்தாலிய ஆய்வில் மட்டும் 2014இல் இதய விரிவு குறைந்தது. அதைப் பெரிய அளவில் யாரும் மீண்டும் செய்து உறுதிப்படுத்தவில்லை.

ஏன் தோற்றன என்பதற்குப் பல விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. எலியில் புடைப்பு உருவாகும்போதே மருந்து கொடுக்கிறார்கள், மனிதனிடம் புடைப்பு தெரியவரும்போது எலாஸ்டின் ஏற்கெனவே போய்விட்டிருக்கிறது என்பது அவற்றில் ஏற்கத்தக்கது. எந்த நொதி, எந்த நாளில், எந்தச் செல்லிடம் என்ற மூன்றையும் தெரியாமல் மருந்து கொடுத்தார்கள் என்பது இன்னொன்று.

ஆவாரம் பட்டையிலிருந்து இதய வால்வுவரை

நொதியின் கையைக் கட்டமுடியாவிட்டால் நாரைப் பலப்படுத்தலாம். இந்த வழி தோல் தொழிலாளிக்குப் புதிதல்ல. உரித்த தோலை அப்படியே விட்டால் பாக்டீரியாவின் கொலாஜனேஸ் ஓரிரு நாளில் அழுகவைத்துவிடும். அதனால்தான் உப்புப் போட்டு அடுக்குகிறார்கள். சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து மயிரும் சதையும் நீக்கியபின் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் ஊறிய தண்ணீரில் தோய்க்கிறார்கள். பட்டையின் டானின் கொலாஜன் இழைகளுக்கு நடுவே புகுந்து கட்டிப்போடும். அப்புறம் எந்த நொதிக்கும் அதில் பல் இறங்காது. மதராசிலிருந்து கப்பலேறி 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று பெயர்பெற்றது இந்தச் சரக்குத்தான். பிறகு குரோமியம் வந்தது. பச்சைத் தோல் 60 டிகிரி செல்சியஸைச் சற்றே தாண்டினால் சுருண்டுவிடும்; குரோம் ஏறியது கொதிநீரைத் தாங்கும்.

1960களின் இறுதியில் பாரிஸ் அறுவை மருத்துவர் அலைன் கார்ப்பன்டியே பன்றி வால்வை மனிதனுக்குப் பொருத்தும்போது அது சிதையாமலிருக்க குளூட்டரால்டிஹைடில் ஊறவைத்தார். அதுவும் தோல் பதனிடும் வேதிப்பொருள்தான். இன்று மாட்டு இதய உறையில் தைக்கும் வால்வுகளெல்லாம் ஒரு கணக்கில் பதனிட்ட தோலே.

சென்னையை ஒட்டிய திருவள்ளூர் மாவட்டம் இந்தக் கதைக்குள் வருவது இங்கே. பெரம்பூரில் முதல் பைபாஸ் செய்த செரியன், 2004இல் சென்னை முகப்பேரில் ஃபிரான்டியர் லைஃப்லைன் மருத்துவமனையைத் தொடங்கினார். கும்மிடிப்பூண்டி வட்டம் எளாவூரில், ஆந்திர எல்லைக்கு அருகே, ஃபிரான்டியர் மெடிவில் என்ற மருத்துவ நகரத்தையும் அறிவியல் பூங்காவையும் திட்டமிட்டார். மாட்டுக் கழுத்துச் சிரை, இதய உறை போன்றவற்றிலிருந்து செல்களைக் கழுவிவிட்டு வெறும் கொலாஜன் சட்டகத்தை மட்டும் வைத்துக்கொண்டு, பிறவி இதயக் குறை உள்ள குழந்தைகளுக்குப் பொருத்தும் ஒட்டுகளாக்குவது அவருடைய குழுவின் ஆய்வுத் துறைகளில் ஒன்று. உருக்காலைகளும் வார்ப்படப் பட்டறைகளும் சூழ்ந்த பகுதியில் இப்படியொரு முயற்சி எழுந்தது இன்று பலருக்கு நினைவில்லை. செரியன் 2025 ஜனவரியில் காலமானார்.

அடையாறு நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. பச்சைத் தேயிலையின் பாலிஃபீனால்கள் பாக்டீரியக் கொலாஜனேஸைத் தடுப்பதை அதன் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்டார்கள். சோதனைக் குழாயில் நடந்தது அது. டீ குடித்தால் தமனி தேறும் என்று இதற்குப் பொருள் சொல்லக்கூடாது. அதே ஆண்டு அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் நரேந்திர வியவஹாரே குழு, டானிக் அமிலத்தின் உட்கருவான பென்டாகாலாயில் குளூக்கோஸைப் புடைத்த பெருந்தமனியின் சுவரில் தடவினால் எலாஸ்டின் நொதிக்கு மசியாமல் நிற்கிறது என்று எலிகளில் காட்டியது. அந்தப் பொருளைப் பலூன் குழாய் வழியே மனிதர்களின் புடைப்பில் செலுத்தும் முறை இப்போது மருத்துவச் சோதனையில் இருக்கிறது. கடுக்காய் டானினின் ஒன்றுவிட்ட உறவு அது. நொதியைத் தடுத்தவர்கள் தோற்ற இடத்தில் நாரைக் காப்பவர்கள் தேறுவார்கள் என்று எதிர்பார்க்க இடமிருக்கிறது. உறுதியாகச் சொல்லும் காலம் வரவில்லை.

திருவள்ளூரில்

இந்த நொதிகளுக்குப் பங்குள்ள இன்னொரு நோயான காசநோய் இந்த மாவட்டத்தில் நெடுநாள் ஆராயப்பட்டது. உலகின் மிகப்பெரிய பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை 1968இல் தொடங்கியது, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்களில்தான்; இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்பது முடிவு. 1997இல் தனி மாவட்டமான பின், 1999 முதல் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையம் நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையின் பலனை இங்கேதான் ஊர் ஊராக அளந்தது. காசநோயில் நுரையீரல் குழிவிழுவது ஏன் என்ற கேள்விக்கு 2011இல் பிரிட்டிஷ் ஆய்வு தந்த விடை எம்.எம்.பி.-1. சிங்கப்பூரில் 30 நோயாளிகளிடம் நடந்த சோதனையில், இரண்டு வாரம் டாக்ஸிசைக்ளின் சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்களுக்கு நொதியும் குறைந்தது, குழியும் சிறுத்தது. 2021இல் வெளியான முடிவு இது. பெருந்தமனிப் புடைப்பில் தோற்ற மாத்திரைக்கு நுரையீரலில் ஒரு வாய்ப்பு மிச்சமிருக்கிறது.

காற்றும் கவனிக்கவேண்டியது. மணலி, எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி என்று நீளும் வடக்குப் பட்டையில் எண்ணெய் சுத்திகரிப்பு, அனல் மின்சாரம், உருக்கு, துறைமுக லாரிகள் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மிகக் கடுமையாக மாசுபட்டவை என்று பட்டியலிட்ட 43 தொழிற்பகுதிகளில் மணலியும் ஒன்று. அப்போது அது திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தது. வாகனப் புகைக்கும் இந்த நொதிக்கும் தொடர்பு உண்டு என்பதை அதே 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது: புகையைச் சுவாசித்த எலிகளின் பெருந்தமனியில் எம்.எம்.பி.-9 கூடியது, டீசல் புகையைக் கொஞ்ச நேரம் சுவாசித்த ஆரோக்கியமான மனிதர்களின் இரத்தத்திலும் கூடியது. புகையிலையும் சர்க்கரை நோயும் செய்வதும் இதுவே.

சிகிச்சைப் பக்கம், நொதியைக் குறிவைத்த மருந்து எதுவும் ஆரம்பச் சுகாதார நிலைய அலமாரியில் இல்லை. ஆனால் 2023 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருபவருக்குப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புமுன் கொடுக்கும் 14 மாத்திரைகளை எண்ணிப் பார்த்தால் அதில் 2 ஆஸ்பிரின், 4 குளோபிடோக்ரெல், மீதி 8 அடோர்வாஸ்டாட்டின். முதல் இரண்டும் இரத்தம் உறைவதைத் தடுப்பவை. ஸ்டாட்டின் கொழுப்பைக் குறைக்கும் மருந்து. மூன்று மாதம் பிராவாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களின் கழுத்துத் தமனிப் படிவில் மேக்ரோஃபேஜும் எம்.எம்.பி.-2உம் குறைந்து, டிம்ப்-1உம் கொலாஜனும் கூடியிருந்தன என்று 2001இல் காட்டப்பட்டது. கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்கு ஆம்புலன்ஸ் போகும் நேரத்துக்குள் அந்த எட்டு மாத்திரை மூடியைக் கெட்டியாக்கிவிடாது. தொடர்ந்து ஆண்டுக்கணக்கில் சாப்பிடும்போது நடப்பது அது. 2022 முதல் மாவட்டத் தலைநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருப்பதால் எல்லாரும் சென்னைக்கே ஓடவேண்டிய நிலை கொஞ்சம் மாறியிருக்கிறது.

ஏவுகிறவனைப் பிடிப்பது

இன்றைய ஆராய்ச்சி நொதியை விட்டு அதை ஏவும் அழற்சியின் பக்கம் சாய்ந்திருக்கிறது. மேக்ரோஃபேஜ்களை நொதி சுரக்கத் தூண்டும் சைகைகளில் இன்டர்லூகின்-1 பீட்டா ஒன்று. அதை மறிக்கும் கனாகினுமாப் ஊசி 10,061 பேரிடம் சோதிக்கப்பட்டு, 150 மில்லிகிராம் அளவில் இதய நிகழ்வுகளைச் சுமார் 15 விழுக்காடு குறைத்தது 2017இல் வெளியானது. விலை எட்டாத உயரம், தொற்று ஆபத்தும் உண்டு. இதயத்துக்கென்று சந்தைக்கு வரவில்லை.

மலிவான மாற்றாக வந்தது கோல்ச்சிசின். நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருக்கும் நஞ்சு அது. திண்டுக்கல், கரூர், திருப்பூர் வட்டாரங்களில் கண்வலிக் கிழங்கு என்று பயிரிட்டு விதையை ஏற்றுமதி செய்கிறார்கள். நாளுக்கு அரை மில்லிகிராம் கோல்ச்சிசின், மாரடைப்பு வந்த 4,745 பேரிடம் இதய நிகழ்வுகளை 23 விழுக்காடு குறைத்தது என்று 2019இல் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. 2023இல் அமெரிக்க ஒப்புதலும் கிடைத்தது. 2024இல் ஏழாயிரம் பேரிடம் நடந்த இன்னோர் ஆய்வு பயனேதும் காணவில்லை. கிழங்கை நேரடியாகத் தின்றவர்கள் உயிர் விட்டிருக்கிறார்கள் என்பதால், இதைக் கைவைத்தியமாக எண்ணவே கூடாது.

எம்.எம்.பி.-9 இரத்தப் பரிசோதனை தனியார் ஆய்வகங்களின் பட்டியலில் சில சமயம் தென்படுகிறது. 2003இல் ஜெர்மானிய ஆய்வு ஒன்று, இதயத் தமனி நோயாளிகளில் இந்த அளவு கூடியிருந்தவர்கள் இதய நோயால் இறக்கும் வாய்ப்பு அதிகம் என்று காட்டியது உண்மை. ஆனால் குழாயில் இரத்தம் உறையும்போதே வெள்ளணுக்கள் இந்த நொதியைக் கொட்டிவிடும். ஆகவே உறையவைத்துப் பிரித்த சீரத்தில் பார்த்தால் பிளாஸ்மாவில் பார்ப்பதைவிடப் பல மடங்கு பொய்யாக உயர்ந்து தெரியும். எந்தக் குழாயில் எடுத்தார்கள், எவ்வளவு நேரம் கழித்துச் சுழற்றினார்கள் என்று தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. மாரடைப்பு சிகிச்சை நெறிமுறைகள் இந்தப் பரிசோதனையைக் கேட்பதும் இல்லை.